இலக்கியத்திலிருந்து வீடியோ கேம்: நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு நாவலையோ காப்பியத்தையோ நாடகத்தையோ வீடியோ கேமாக உருவாக்க விரும்பும் மாணவர்களும் சிறு குழுக்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து தயங்கி நிற்கிறார்கள். எந்தப் படைப்பு என்பது முடிவாகிவிட்டது, அதன்மீது ஆழ்ந்த ஈடுபாடும் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பது தெளிவாகவில்லை. கதையை அப்படியே பின்தொடர்வதா, அந்த உலகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறு கதை சொல்வதா, கதையின் ஓரத்தில் நிற்கும் ஒருவரின் வழியாக அதை மறுபடியும் சொல்வதா, அல்லது பெயர்களையும் ஊர்களையும் விட்டுவிட்டு மையக் கருத்தை மட்டும் விளையாட்டின் விதிகளாக மாற்றுவதா?

இந்த நான்கு வழிகளிலும் மதிக்கத்தக்க கேம்கள் வந்திருக்கின்றன. எனினும் நான்கும் ஒரே அளவு உழைப்பைக் கேட்பதில்லை. முதல் வழி எளிதென்று தோன்றுவதால்தான் பெரும்பாலோர் அதில் இறங்குகிறார்கள்; கதை தயாராக இருக்கிறது, வரைந்து நிரல் எழுதினால் போதும் என்று எண்ணுகிறார்கள். சிறு குழுவுக்கு அதுவே மிகக் கடினமான வழி என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைப் பார்ப்பதற்கு முன், எதை வைத்து அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

## அளவுகோல்கள்

விளையாடுபவர் என்ன செய்கிறார்? மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இதுதான். நாவலின் நாயகன் பத்துப் பக்கங்களுக்கு உட்கார்ந்து யோசிக்கலாம், வாசகர் பொறுமையாக உடனிருப்பார். கேமில் விளையாடுபவரின் கைக்குத் தொடர்ந்து ஒரு செயல் வேண்டும், அவர் திரும்பத் திரும்பச் செய்யும் அந்தச் செயலே படைப்பின் பொருளைத் தீர்மானிக்கிறது. விசரல் கேம்ஸ் 2010-இல் வெளியிட்ட 'டான்டேஸ் இன்ஃபெர்னோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியரான டான்டேயின் மூலக் காப்பியத்தில் நரகத்துக்குள் இறங்கும் கவிஞர் ஆயுதம் ஏந்துவதில்லை. தண்டனை அனுபவிப்பவர்கள் சொல்வதை நின்று கேட்கிறார், அவர்களில் ஒருத்தியான பிரான்செஸ்காவின் கதையைக் கேட்டு இரக்கம் தாளாமல் மயங்கி விழுகிறார். கேமில் அவர் பெரிய அரிவாளை வீசும் சிலுவைப் போர் வீரர். நரகத்தின் ஒன்பது வட்டங்களும் வரிசை மாறாமல் இருக்கின்றன, ஆன்மாக்கள் சிலரை மன்னிக்கவோ தண்டிக்கவோ வாய்ப்பும் தரப்படுகிறது. ஆனாலும் கேட்பது முதன்மைச் செயலாக இருந்த இடத்தில் வெட்டுவது வந்து உட்கார்ந்துவிட்டதால், நிலப்படம் மட்டும் மூலத்தோடு ஒத்துப்போகிறது, நூல் ஒத்துப்போகவில்லை.

முடிவை என்ன செய்வது? ஹாம்லெட் இறக்கிறான், கோவலன் கொல்லப்படுகிறான். வாசகருக்கு இது முன்பே தெரியும், தெரிந்தும் படிக்கிறார். விளையாடுபவருக்கோ தம் செயலால் ஏதாவது மாற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. விதியை மாற்ற அனுமதித்தால் துன்பியல் கரைந்துவிடும், அனுமதிக்காவிட்டால் தேர்வுகளெல்லாம் பொய்யாகிவிடும்.

உரிமை யாரிடம் இருக்கிறது? இந்தியாவில் இலக்கியப் படைப்பின் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 1954-இல் மறைந்த கல்கியின் நாவல்கள் அந்தக் கணக்கில் 2014-ஆம் ஆண்டு முடிவோடு இந்தியாவில் பொதுவுடைமையாகிவிட்டன. ஆனால் அந்த நாவல்களுக்குப் பல காலங்களில் வரையப்பட்ட ஓவியங்களுக்கும், அவற்றைத் தழுவிய திரைப்படங்களின் உடை, முக அமைப்பு, இசைக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. வாசகர் மனத்திலிருக்கும் வந்தியத்தேவனின் முகம் பெரும்பாலும் ஓர் ஓவியரின் கையிலிருந்து வந்தது என்பதை மறக்கக் கூடாது. பழந்தமிழ் நூல்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: சிலப்பதிகாரம் எல்லோருக்கும் உரியது, ஆனால் அண்மைக் காலத்தில் எழுதப்பட்ட உரையும் மொழிபெயர்ப்பும் அப்படியல்ல. நாட்டுக்கு நாடு கணக்கும் வேறுபடுகிறது. 1950-இல் மறைந்த ஜார்ஜ் ஆர்வெலின் படைப்புகள் இந்தியாவில் 2011-இலும் பிரிட்டனில் 2021-இலும் விடுபட்டன. 1949-இல் வெளியான அவருடைய நாவல் '1984' அமெரிக்காவில் 2044 முடியும்வரை உரிமைக்குட்பட்டதே. ஸ்டீம் போன்ற தளத்தில் உலகம் முழுவதும் விற்க நினைப்பவர்கள் உள்ளூர்ச் சட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடக் கூடாது.

செலவும் குழுவின் அளவும். கணினி, சம்பளம் ஆகியவற்றோடு எழுத்தின் அளவு, ஓவியங்களின் அளவு, திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கும் காலம் ஆகியவற்றையும் இதில் சேர்க்கிறேன்.

மொழி எவ்வளவு மிஞ்சும்? சில படைப்புகளின் உயிர் நிகழ்ச்சிகளில் இருக்கிறது, சிலவற்றின் உயிர் வாக்கியங்களில் இருக்கிறது. இரண்டாவது வகையைக் காட்சிகளாக மாற்றினால் எஞ்சுவது கதைச் சுருக்கமே. தமிழில் செய்பவர்களுக்கு இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. எழுத்துருக்களை ஒழுங்காக இணைத்துக் காட்டும் வசதியில்லாத கேம் இன்ஜின்களில் (கேம்களை உருவாக்கும் மென்பொருள்களில்) கொம்பும் காலும் இடம்மாறி, 'கொ' என்ற எழுத்தே சிதைந்து தெரியும். கோடோ இன்ஜினின் 4-ஆம் பதிப்பில் இதற்கான வசதி உள்ளிணைப்பாகவே வருகிறது. இன்ஜினைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு பத்தித் தமிழைத் திரையில் காட்டிப் பார்த்துவிடுவது பின்னால் வரும் பல மாத வேலையை மிச்சப்படுத்தும்.

## வழி ஒன்று: கதையை அப்படியே பின்தொடர்தல்

மெல்பர்னைச் சேர்ந்த பீம் சாஃப்ட்வேர் டோல்கீனின் நாவலிலிருந்து 1982-இல் உருவாக்கிய 'தி ஹாபிட்' இவ்வழியின் தொடக்ககாலச் சாதனை. வெரோனிகா மெக்லரும் ஃபிலிப் மிட்செலும் வடிவமைத்த இந்தக் கேமில், விளையாடுபவர் வாக்கியங்களைத் தட்டச்சு செய்து நாயகன் பில்போவை நடத்த வேண்டும். நாவலின் பிரதியையும் கேமோடு சேர்த்தே விற்றார்கள்.

அந்தக் கேம் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் கதையைப் பின்பற்றியது மட்டுமல்ல. தோரின், கேண்டால்ஃப் முதலிய பாத்திரங்கள் விளையாடுபவரின் கட்டளைக்குக் காத்திராமல் தாமாகவே நடமாடும்படி அதில் நிரல் எழுதப்பட்டிருந்தது. தோரின் திடீரென்று உட்கார்ந்து தங்கத்தைப் பற்றிப் பாடத் தொடங்குவார், நீங்கள் சும்மா இருந்தாலும் நேரம் ஓடும். நாவலில் டிராகனைக் கொல்பவன் பில்போ அல்லன், பார்ட் என்ற வில்லாளன். கதையின் உச்சத்தில் நாயகனுக்கு வேலையே இல்லாத இந்த இக்கட்டை வடிவமைப்பாளர்கள் நேர்மையாகத் தீர்த்தார்கள்: டிராகனை எய்யும்படி விளையாடுபவர்தான் பார்டிடம் சொல்ல வேண்டும். கதையும் மாறவில்லை, செயலும் கிடைத்தது. நேரடித் தழுவலில் ஈடுபடும் எவரும் இந்த ஒரு தீர்வை ஊன்றிப் படிக்கலாம்.

1984-இல் இன்ஃபோகாம் வெளியிட்ட 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' வேறு விதமான பாடம். மூல ஆசிரியர் டக்ளஸ் ஆடம்ஸே ஸ்டீவ் மெரெட்ஸ்கியுடன் சேர்ந்து அதை எழுதினார். காதில் போட்டுக்கொண்டால் எந்த மொழியும் புரியும் பேபல் மீன், நாவலில் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. கேமில் அதை ஓர் இயந்திரத்திலிருந்து பெறுவதற்குள் விளையாடுபவர் தவித்துப் போவார். அந்த மீனைப் பிடித்தவர்களுக்கென்றே சட்டை அச்சிட்டு விற்கும் அளவுக்கு அந்தப் புதிர் பெயர்பெற்றது. புத்தகம் படித்தவருக்கு விடை முன்கூட்டியே தெரியும் என்ற சிக்கலை ஆடம்ஸ் இப்படி எதிர்கொண்டார். ஆசிரியரே உடனிருந்ததால் அந்தத் துணிவு சாத்தியமானது.

மறைந்திருக்கும் செலவுகள் இவ்வழியில்தான் அதிகம். நாவலில் இரண்டு வரிகளில் கடந்துபோகும் பயணத்துக்குக் கேமில் ஒரு முழு நிலப்பரப்பு தேவைப்படலாம். பக்கம் பக்கமாக நீளும் மன ஓட்டமோ செயலாக மாற மறுக்கும். புத்தகம் படித்தவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, படிக்காதவருக்கு எதுவும் புரிவதில்லை என்ற நிலையும் எளிதில் வந்துவிடும். உரிமைக்குட்பட்ட படைப்பாக இருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒப்புதல் பெற வேண்டிய நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும்.

படைப்பு குறுகியதாக இருக்கும்போதும், சிறு சிறு சம்பவங்களின் தொடராக அமையும்போதும், ஆசிரியர் குழுவில் இருக்கும்போதும், மாணவர்களை மூலநூலிடம் அழைத்துச் செல்வதே நோக்கமாக இருக்கும்போதும் இவ்வழியே நல்லது. ஒரு சிறுகதை இதற்கு மிகப் பொருத்தம், ஐந்து பாக நாவல் பொருந்தாது.

## வழி இரண்டு: உலகத்தை எடுத்து, கதையைத் தொடர்தல்

போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட், ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கியின் நூல்களை வைத்து 2007-இல் 'தி விட்ச்ச'ரை வெளியிட்டது. நாவல்களில் நடந்தவற்றுக்குப் பின் கதை தொடங்குகிறது, நாயகன் கெரால்ட் நினைவிழந்து வருகிறான். அந்த நினைவிழப்பு வெறும் கதைத் தந்திரமன்று. நூல்களைப் படிக்காத விளையாடுபவருக்கும் நாயகனுக்கும் ஒரே அளவு அறியாமை இருக்கும்படி செய்து, அறிமுகச் சிக்கலை அது தீர்த்துவிடுகிறது. முடிவு முன்பே எழுதப்படாததால் தேர்வுகளும் உண்மையான தேர்வுகளாகின்றன.

சீனாவின் கேம் சயின்ஸ் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட 'பிளாக் மித்: வுகாங்' இதே வழியில், உரிமைத் தடையற்ற 16-ஆம் நூற்றாண்டு நாவலான 'மேற்கு நோக்கிய பயண'த்தை எடுத்துக்கொண்டது. இங்கும் கதை மூலநூலின் பயணம் முடிந்த பிறகு தொடங்குகிறது. மூலத்தில் குரங்கு வீரன் தடியேந்திப் போரிடுகிறான், உருமாறுகிறான். கேமிலும் விளையாடுபவர் அவற்றையே செய்கிறார். டான்டேயின் காப்பியத்துக்கு நேர்ந்தது இந்த நாவலுக்கு நேராமல் போனதற்கு இந்த ஒற்றுமையே காரணம். வெளியான 3 நாட்களில் 1 கோடிப் பிரதிகள் விற்றன.

இந்த வெற்றிகளைப் பார்த்து மயங்கும் சிறு குழுக்கள் செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கேம் சயின்ஸ் குழுவினர் ஷான்சி மாகாணத்துப் பழங்கோயில்களையும் சிற்பங்களையும் முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து தங்கள் உலகத்தை எழுப்பினார்கள். 2015-இல் வந்த மூன்றாவது விட்ச்சருக்கு, விளம்பரத்தையும் சேர்த்து, சுமார் 8.1 கோடி டாலர் செலவானது. நாவலாசிரியர் 'ஊருக்கு வெளியே ஒரு சந்தை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். இவ்வழியைத் தேர்ந்தெடுத்தவர் அந்தச் சந்தையின் ஒவ்வொரு கடையையும் கட்டியாக வேண்டும், ஏனென்றால் உலகத்தைச் சுற்றிப் பார்க்கவே விளையாடுபவர் வந்திருக்கிறார்.

உரிமையிலும் ஒரு பாடம் இருக்கிறது. சப்கோவ்ஸ்கி விற்பனையில் பங்கு வேண்டாமென்று ஒரே தவணையாகப் பணம் வாங்கிக்கொண்டு உரிமையைக் கொடுத்திருந்தார். கேம்கள் பெருவெற்றி பெற்ற பிறகு, 2018-இல் அவருடைய வழக்கறிஞர்கள் 6 கோடி ஸ்லோட்டி (போலந்து நாணயம்) கேட்டு நிறுவனத்துக்கு எழுதினார்கள். 2019 டிசம்பரில் இருதரப்பும் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டன. உயிரோடிருக்கும் ஒரு தமிழ் எழுத்தாளரிடம் உரிமை கேட்கப் போகிறவர்கள், சிறு தொகையோடு விற்பனைப் பங்கையும் சேர்த்தே முதலில் பேசிவிடுவது இருவருக்கும் நியாயம்.

பெரிய குழு, நீண்ட கால முதலீடு, கதையைவிட உலகம் செழுமையாக இருக்கும் மூலநூல் ஆகிய மூன்றும் ஒருசேர இருந்தால் இவ்வழியில் செல்லலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி மூன்று: ஓரத்தில் நிற்பவரின் வழியாக

எழுத்தில் தேர்ச்சியும் கையில் சிறிதளவு பணமும் மட்டுமே உள்ள குழுக்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இங்கிள் ஸ்டூடியோ 2014-இல் வெளியிட்ட '80 டேஸ்', எண்பது நாட்களில் உலகைச் சுற்றிவரும் பயணத்தைப் பற்றி ஜூல் வேர்ன் 1873-இல் நூலாக வெளியிட்ட நாவலிலிருந்து பிறந்தது. அதில் நீங்கள் நாயகன் ஃபிலியாஸ் ஃபாக் அல்ல, அவருடைய பணியாள் பாஸ்பார்தூ. பெட்டியில் எதை அடுக்குவது, எந்த வண்டியைப் பிடிப்பது, எஜமானரின் உடல்நலத்தை எப்படிக் காப்பது, வழியில் யாரிடம் பேச்சுக் கொடுப்பது என்பவையே உங்கள் வேலை. நாவலில் ஃபாக் எதற்கும் அசையாத மனிதர். ஓடியாடி அலைபவனும், ஊர்களைக் கண்ணெடுத்துப் பார்ப்பவனும் பாஸ்பார்தூதான். பம்பாயில் மலபார் குன்றுக் கோயிலுக்குள் காலணியோடு நுழைந்து சிக்கலில் மாட்டிக்கொள்பவனும் அவனே. செயல் யாரிடம் இருந்ததோ அவரிடமே விளையாடுபவரை அமர்த்தியது மிகச் சரியான முடிவு.

அதன் முதன்மை எழுத்தாளர் மெக் ஜெயந்த், வேர்னின் காலனியப் பார்வையை அப்படியே சுமந்து செல்லவில்லை. நாவலில் பயணிகளுக்குப் பின்னணியாக மட்டும் நின்ற நாடுகளின் மக்கள், கேமில் தங்கள் சொந்தக் கண்டுபிடிப்புகளும் அரசியலும் கொண்டவர்களாகப் பேசுகிறார்கள். பழைய நூலை அதன் குறையோடு சேர்த்து வாசித்து, அந்தக் குறைக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு இவ்வழியில் இயல்பாகவே அமைகிறது. மொழி என்ற அளவுகோலிலும் இக்கேம் முதலிடம் பெறுகிறது: பெரும்பாலும் எழுத்தாலும் சில வரைபடங்களாலும் ஆனது என்பதால், உரைநடை உரைநடையாகவே பிழைத்திருக்கிறது.

முடிவுச் சிக்கலைத் தீர்த்த விதத்துக்கு 'எல்சினோர்' சிறந்த சான்று. கோல்டன் க்ளிட்ச் என்ற சிறிய குழு 2019-இல் வெளியிட்ட இக்கேமில் நீங்கள் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் வரும் ஓஃபீலியா. நான்கு நாட்களில் கோட்டையிலுள்ள அனைவரும் இறப்பதைக் கனவில் கண்டு விழிக்கிறீர்கள். அந்த நான்கு நாட்களும் மறுபடி மறுபடி நிகழ்கின்றன. உங்களிடம் வாள் இல்லை. ஒருவரிடமிருந்து தெரிந்துகொண்ட செய்தியை இன்னொருவரிடம் சொல்வது மட்டுமே உங்களால் முடியும், அதைக் கேட்டவரின் நடத்தை மாறும். நாடகத்தில் ஓஃபீலியாவிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. தந்தையும் அரசனும் அவளைத் தூண்டிலாகப் பயன்படுத்துகிறார்கள். அவளுக்கு மறுக்கப்பட்ட செய்தியையே அவளுடைய கருவியாக்கியிருப்பது மூலநாடகத்தின் ஆழத்திலிருந்து எழுந்த வடிவமைப்பு. ஒவ்வொரு முறை ஏதோ ஒன்று மாறினாலும் துயரம் வேறு வழியாக வந்து சேர்வதால், சுதந்திரமும் விதியும் ஒன்றையொன்று அழிக்காமல் உடன் நிற்கின்றன.

தமிழில் இதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது சிலப்பதிகாரம். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன், மதுரைக்குச் செல்லும் வழி சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரிவதைச் சொல்லி, வலப்பக்க வழி, இடப்பக்க வழி, நடுவழி ஒவ்வொன்றிலும் காத்திருப்பதை விவரிக்கிறான். கிளைபிரியும் கேமின் வடிவம் காப்பியத்துக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. விளையாடுபவரைக் கோவலனாகவோ கண்ணகியாகவோ ஆக்கினால், முடிவு தெரிந்த கதைக்குள் அவர் மாட்டிக்கொள்வார். அவர்களோடு வழித்துணையாக வரும் சமணத் துறவி கவுந்தியடிகளாக ஆக்கிப் பாருங்கள். இருவரையும் பாதுகாப்பாக அழைத்துச் செல்வது, எந்த வழி என்று சீர்தூக்குவது, யாரை நம்பி ஒப்படைப்பது என்று முடிவெடுப்பது எல்லாம் அவருடைய செயல்கள். அவர் கடைசியில் கண்ணகியை ஆயர்குலத்து மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கொலைக்களத்தில் நடப்பது அவர் கைக்கு எட்டாதது. பின்னர் செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். விதி மாறாமலேயே, அதுவரை எடுத்த ஒவ்வொரு முடிவும் கனக்கும் கேமாக அது அமையும்.

இவ்வழியின் மறைமுகச் செலவு எழுத்தின் அளவு. '80 டேஸ்' கேமில் ஐந்து லட்சம் சொற்களுக்கு மேல் உண்டு, ஒரு முறை விளையாடுபவர் அதில் சிறு பகுதியையே காண்பார். காணப்படாமல் போகும் பக்கங்களை அதே அக்கறையோடு எழுதும் மனநிலை எல்லா எழுத்தாளருக்கும் வாய்ப்பதில்லை. எல்சினோர் போன்ற கட்டமைப்பில், யாருக்கு என்ன தெரியும் என்ற கணக்கைச் சோதிப்பதே பெரும் வேலையாகிறது. 2015-இல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டிய அந்தக் குழு கேமை முடிக்க மேலும் நான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன. வாசகர்களின் பற்று இன்னொரு கவனத்துக்குரிய செய்தி. கண்ணகி தமிழகத்தில் வணங்கப்படுபவள், இலங்கையில் பத்தினித் தெய்வமாகப் போற்றப்படுபவள். மறுவாசிப்பில் அந்த மதிப்பை உணர்ந்து எழுதும் பொறுப்பு உண்டு.

கிளைபிரியும் உரையை எழுத இங்கிள் குழு தாங்கள் பயன்படுத்தும் 'இங்க்' என்ற மொழியை 2016-இல் திறந்த மூலமாக வெளியிட்டது. இன்று யாரும் கட்டணமின்றி அதைப் பயன்படுத்தலாம் என்பதால், தொடக்கச் செலவு மிகக் குறைவு.

## வழி நான்கு: கருத்தை விதியாக்குதல்

1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் குடிசை கட்டி வாழ்ந்த அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் 'வால்டன்' நூலில் கதையென்று எதுவும் இல்லை. டிரேசி ஃபுல்லர்டன் தலைமையில் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகக் குழு 2017-இல் வெளியிட்ட 'வால்டன், எ கேம்', அந்நூலின் சிந்தனையை விதிகளாக எழுதியது. உணவு, எரிபொருள், உறைவிடம், உடை என்று தோரோ வகுத்த நான்கு அடிப்படைத் தேவைகளையும் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆனால் விறகும் பயறுமாகச் சேர்த்துக்கொண்டே போனால், உள்ளத்தின் எழுச்சி குன்றி, காட்டின் நிறமும் இசையும் மங்கத் தொடங்கும். உட்கார்ந்து பறவையைப் பார்த்தால் அது மீளும். சேர்ப்பதையே வெற்றியாகக் கருதும் வழக்கமான கேம்களின் தர்க்கத்தைத் திருப்பிப் போட்டதில்தான் தோரோ இருக்கிறார், அவருடைய வரி ஒன்றைக்கூடப் படிக்காதவருக்கும் அவர் சொன்னது புரிந்துவிடும். இந்தக் கேமின் மீது எனக்குத் தனிப் பற்று உண்டு.

2007-இல் வந்த 'பயோஷாக்', நாவலாசிரியர் அய்ன் ராண்டின் தன்னலத் தத்துவத்தை ஏற்றுக் கடலடியில் கட்டப்பட்ட நகரம் எப்படி அழிகிறது என்று காட்டியது. அவருடைய நாவலின் பெயரோ பாத்திரமோ தேவைப்படாததால் உரிமைச் செலவும் இல்லை, கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆயினும் கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் அதே ஆண்டில் ஒரு கூர்மையான குறையைச் சுட்டினார்: சிறுமிகளைக் காப்பதா, பலிகொடுத்து வலிமை பெறுவதா என்று விதிகள் உங்களிடம் தன்னலத்தைப் பற்றிக் கேட்கின்றன, கதையோ இன்னொருவருக்கு உதவும்படி உங்களைக் கட்டாயப்படுத்தி, மறுக்கும் வாய்ப்பையே தருவதில்லை. விதி ஒன்று சொல்ல, கதை வேறொன்று சொல்லும் இந்த முரண், இவ்வழியில் செல்லும் எல்லோருக்கும் காத்திருக்கும் பள்ளம்.

ஜோசஃப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' குறுநாவலைத் துபாய்க்குக் கொண்டுவந்த 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' 2012-இல் வெளியானது. சுடும் கேம்களில் பழகிய கைகளைக் கொண்டே அந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்டது. அது 2024 ஜனவரியில் டிஜிட்டல் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. உரிம ஒப்பந்தங்கள் காலாவதியானதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. மூலநூல் பொதுவுடைமையாக இருந்தாலும், கேமுக்குள் காலவரையறையோடு உரிமம் பெற்றுச் சேர்க்கும் எதுவும் பிற்காலத்தில் அதை விற்கவே முடியாமல் செய்துவிடலாம்.

மற்றொரு செலவு காலம். வால்டன் கேம் உருவாக ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. எடுத்துக்கொள்ளும் விதி சரியானதா என்று விளையாடிப் பார்த்தால்தான் தெரியும், பல விதிகளைத் தூக்கியெறிய வேண்டியிருக்கும். மூலநூலின் புகழும் விற்பனைக்கு உதவாது. மூலநூல் கதையால் அன்றிச் சிந்தனையால் வாழும்போதும், உரிமை கிடைக்காதபோதும், கவிதையோ கட்டுரையோ மூலமாக இருக்கும்போதும் இவ்வழிக்கு நிகரானது இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | விளையாடுபவரின் செயல் | முடிவுச் சிக்கல் | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| கதையைப் பின்தொடர்தல் | மூலம் தந்ததே. பல இடங்களில் இல்லாமலும் போகும் | மிகக் கடுமை | காட்சிகளின் எண்ணிக்கை, ஒப்புதல்கள் | சிறுகதை, கல்வி நோக்கம் |
| உலகத்தைத் தொடர்தல் | தாராளம் | இல்லை | ஓவியம், முதலீடு, உரிமைப் பங்கு | பெரிய ஸ்டூடியோ |
| ஓரப் பாத்திரம் | தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் | நன்றாகத் தீரும் | எழுத்து, சோதனை | எழுத்துவன்மை உள்ள சிறு குழு |
| கருத்தை விதியாக்குதல் | விதியே செயல் | பெரும்பாலும் இல்லை | காலம், அறிமுகமின்மை | பொறுமையுள்ள வடிவமைப்பாளர், பல்கலைக்கழகம் |

## இன்னும் முடிவெடுக்க முடியாதவர்களுக்கு

மூன்றாம் வழிக்கும் நான்காம் வழிக்கும் இடையில்தான் சிறு குழுக்கள் உண்மையில் தயங்குகின்றன. அவர்கள் மூலநூலை மறுபடி படித்து, ஒவ்வோர் அத்தியாயத்திலும் யார் முடிவெடுக்கிறார், எதைத் தெரிந்துகொண்டு எடுக்கிறார் என்று ஒரு தாளில் குறிக்கலாம். நாயகனைத் தவிர வேறொருவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் மூன்றாம் வழி திறந்திருக்கிறது. யாருடைய பெயரும் வராமல், ஒரே விதமான சூழல் மட்டும் மீண்டும் மீண்டும் வந்தால் (பஞ்சத்தில் எதை விற்பது, ஊரில் யாரிடம் வாய் திறப்பது என்பது போல) அது விதியாக மாறக் காத்திருக்கிறது.

அதன் பிறகும் நிரல் எழுத வேண்டாம். கவுந்தியடிகளின் பயணத்தை எடுத்தால், மூன்று வழிகளுக்கும் மூன்று தாள்கள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து நிகழ்ச்சிகள், நடக்கும் வலிமைக்கும் மீதமுள்ள பகல் நேரத்துக்கும் சில புளியங்கொட்டைகள் போதும். சிலப்பதிகாரம் படித்த ஒருவரையும் படிக்காத ஒருவரையும் தனித்தனியே விளையாடச் சொல்லுங்கள். கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் கட்டத்தில் விளையாடும் இரண்டு பேருமே தயங்கினால், இன்ஜினைத் திறந்து வேலையைத் தொடங்கலாம்.